குளவியைக் கண்டால் வேலையை நிறுத்தலாம்: ஒரு தேயிலைத் தோட்டத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இலங்கையின் நுவரெலியா மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஒரே ஒரு டிவிசனில், அதாவது பிரிவில், நடந்ததை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. தோட்டத்தையும் கம்பனியையும் ஆட்களையும் பெயர் குறிப்பிடாமல் எழுத வேண்டும் என்பது சம்பந்தப்பட்ட எல்லாரும் கேட்டுக்கொண்டது. கம்பனி அழைத்த பயிற்சி ஆலோசகராக ஆரம்பத்திலிருந்தே நான், குளவி கொட்டிய நிகழ்வுக்குப் பிறகு புதிய ஏற்பாடுகளைச் செய்த குழுவில் இருந்தேன். கூட்டக் குறிப்புகளையும் மலையில் நேரில் கேட்டவற்றையும் வைத்து எழுதுகிறேன்.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் அவற்றின் முகாமை கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. உடைமை இப்படிக் கைமாறினாலும் மலையில் வேலை நடக்கும் ஒழுங்கு அதிகம் மாறவில்லை. காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களைப் பிரித்து மலைக்கு அனுப்புவார்கள். மலை என்பது தேயிலை நிலத்தின் ஒரு துண்டு. தோட்ட முகாமையாளரான பெரிய துரை, உதவி முகாமையாளரான சின்ன துரை, மலை வேலையைக் கவனிக்கும் கணக்கப்பிள்ளை, ஆட்களோடு நிற்கும் கங்காணி என்று கட்டளை படிப்படியாகக் கீழே இறங்கும். கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களை மேற்பார்வை செய்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். கீழிருந்து மேலே செய்தி போக வேண்டுமானால் தொழிற்சங்கத் தலைவர் இருக்கிறார். சம்பளம், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் கூரை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா போன்ற விடயங்களுக்கு அந்த வழி போதும். காலை பத்து மணிக்கு மலையில் ஒரு பெண் கண்ணால் கண்ட ஆபத்தை அந்த நிமிடமே சொல்வதற்கு எந்த வழியும் இருக்கவில்லை.

சம்பளக் கணக்கு தெரியாமல் பின்வருவது எதுவும் விளங்காது. ஒரு நாள் வேலை பதிவாவதைத் தோட்டத்தில் ‘பேர் விழுவது’ என்பார்கள். இந்தத் தோட்டத்தில் முழுப் பேர் விழ 18 கிலோ கொழுந்து வேண்டும். குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாட்சம்பளம். 2021இல் சம்பள நிர்ணய சபை நாட்சம்பளத்தை 1,000 ரூபாவாக்கியதும் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. அதுவரை இரு தரப்பும் பேசித் தீர்த்த வேலை நிபந்தனைகள் பலவும் அதன் பின்னர் தோட்ட நிர்வாகத்தின் கையில் நின்றன. அதே ஆண்டு இரசாயன உரத்தைத் தடை செய்தார்கள். தடை சில மாதங்களில் நீங்கினாலும், அடுத்த ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் உரவிலை எட்டாத உயரத்துக்குப் போனது. உரம் காணாத செடி கொழுந்து குறைவாகவே தரும். செடியில் கொழுந்து குறைந்தது, தராசில் கேட்கும் கிலோ குறையவில்லை. ஒரு மணி நேரம் வேலை நின்றாலும் அரைப்பேராகிவிடும் என்ற பயத்தோடுதான் பெண்கள் மலையேறினார்கள்.

நடந்தது

மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனது நினைவுகூரப்பட்ட 2023ஆம் ஆண்டில், மழை விட்டு வெயில் பிடித்திருந்த ஒரு காலைப் பொழுது. ஓடைக்கு மேலே இருந்த மலையில் ஒரு கேங், அதாவது ஒரு வேலைக்குழு, கொழுந்து பறித்துக்கொண்டிருந்தது. மலையோரத்தில் உயர்ந்து நின்ற மரமொன்றின் கிளையில் குளவிக் கூடு தொங்கியது. பருந்து ஒன்று அதில் மோதியது.

தோட்டத்தில் குளவி என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு வகை உண்டு. உயரமான மரக்கிளைகளிலும் பாறை விளிம்புகளிலும் ஒற்றை அடையாகத் தொங்குவது மலைத்தேனீ. கலைந்தால் கூட்டமாக இறங்கித் துரத்தும். ஒரு தேனீ கொட்டிய இடத்தில் தங்கும் கொடுக்கின் வாடை மற்றத் தேனீக்களையும் அங்கே இழுக்கும். புதரிலும் தேயிலைச் செடிக்குள்ளும்கூட உருண்டைக் கூடு கட்டுவது உண்மையான குளவி. அது ஒன்றே பல தடவை கொட்டும். அன்று கலைந்தது மலைத்தேனீ. சரிவில் ஓடிய பெண்கள் விழுந்தார்கள். கூடையின் பட்டி தலையில் மாட்டியிருக்க, சிலரால் விரைந்து கழற்ற முடியவில்லை. கொழுந்து ஏற்ற வந்த லொறியில்தான் அவர்களை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். உயிரிழப்பு இல்லை. ஆனால் ஓய்வுபெறும் வயதை நெருங்கியிருந்த ஒரு பெண் பல நாட்கள் வைத்தியசாலையில் இருந்தார். திரும்பி வந்த பின்னர் அவர் மலைக்கே போகவில்லை.

கேட்டறிந்தவை

விசாரணை வழக்கம்போல் தொடங்கியது. கூடு எவ்வளவு பெரியது, யார் எங்கே நின்றார்கள், லொறி எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்டார்கள். பெரிய துரை பொறுமையான மனிதர். விசாரணையின் முடிவில் அவர் ஒரு கேள்வி கேட்டார்: “இந்தக் கூட்டை இதற்கு முன் யாராவது பார்த்தீர்களா?”

பார்த்திருந்தார்கள். ஒருவர் இருவர் அல்ல, அந்தப் பக்கம் வேலை செய்த பலருக்கும் ஒரு வாரத்துக்கு மேலாகத் தெரிந்திருந்தது. மரத்துக்கு நேர் கீழான நிரையைத் தவிர்த்துப் பறித்ததாகவும், சத்தமாகப் பேசாமல் இருந்ததாகவும் சொன்னார்கள். தங்களுக்குள் எச்சரித்துக்கொண்டார்கள். கங்காணியிடம் மட்டும் சொல்லவில்லை.

ஏன் என்ற கேள்விக்குப் பதில் பெரட்டுக்களத்தில் கிடைக்கவில்லை. துரைமார் இல்லாமல், மாதர் சங்கத் தலைவியின் வீட்டு வாசலில் மாலைகளில் உட்கார்ந்து பேசியபோது கிடைத்தது. சொன்னால் மலையை மாற்றுவார்கள். மாற்றித் தரும் மலையில் கொழுந்து இருக்காது. கேங் முழுவதற்கும் அரைப்பேர் விழும். சாயங்காலம் லயத்தில் எல்லாரும் சொன்னவளைத்தான் ஏசுவார்கள். “குளவி கொட்டினால் ஒருநாள் வலி, அரைப்பேர் விழுந்தால் மாதம் முழுக்க வலி” என்றார் ஒருவர். முன்பொரு முறை சொன்ன இன்னொரு பெண்ணுக்கு, வேலைக்கு வர மனமில்லையா என்ற பதில் கிடைத்திருந்தது. அதைச் சொன்ன கங்காணி வேறு தோட்டத்துக்குப் போய்ப் பல காலமாகிவிட்டது. அவர் சொன்ன வார்த்தையை டிவிசனில் எல்லாரும் நினைவில் வைத்திருந்தார்கள்.

கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் தனித்தனியாகக் கேட்டோம். இந்த ஆய்வில் நான் அதிகம் யோசித்த பகுதி இது. கங்காணிக்கும் கூடு தெரிந்தே இருந்தது. கணக்கப்பிள்ளைக்கு அரசல்புரசலாகத் தெரியும். ஒரு மலையில் ஏழெட்டு நாளுக்கு ஒரு தடவை கொழுந்து பறித்தாக வேண்டும். சுற்றுப் பிந்தினால் கொழுந்து முற்றும், இஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலையில் தரம் விழும், கேள்வி கணக்கப்பிள்ளையிடம் வரும். மலையை மூடச் சொல்லி மேலே போனால் தன்னை வேலை வாங்கத் தெரியாதவன் என்று நினைப்பார்கள் என்பது அவருடைய அச்சம். கீழே இருப்பவர்கள் மட்டும் வாய் மூடியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போனவர்களுக்கு, நடுவில் இருப்பவர்களும் அதே காரணத்துக்காக வாய் மூடியிருப்பது புதிய செய்தியாக இருந்தது.

பிற இடங்களிலிருந்து எடுத்துக்கொண்டவை

ஆட்களைப் பேசவிட்டு வளர்ந்த நிறுவனங்களைப் பற்றித் துரைமார் பயிற்சிகளில் நிறையக் கேட்டிருந்தார்கள். கண்ணாடிச் சுவர் அலுவலகம், பெயர் சொல்லி அழைக்கும் மேலதிகாரி போன்ற வெளித்தோற்றங்களே அவர்கள் மனதில் இருந்தன. அவற்றைத் தோட்டத்துக்குக் கொண்டுவர முயல்வதில் பயனில்லை என்று முதலிலேயே முடிவு செய்தோம். எங்களுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பதில்: சொல்பவருக்கு நட்டம் வராமல் அங்கெல்லாம் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள்?

டொயோட்டா தொழிற்சாலைகளில் குறை ஒன்றைக் கண்டால் எந்தத் தொழிலாளியும் தலைக்கு மேலே இருக்கும் கயிற்றை இழுக்கலாம். இழுத்ததும் குழுத்தலைவர் ஓடி வருவார். குறித்த நேரத்துக்குள் சரிசெய்ய முடியாவிட்டால் வரிசை நிற்கும். நூல் அறுந்ததும் தானாக நின்றுவிடும் தறியைச் செய்த சகிச்சி டொயோடாவின் காலத்திலிருந்து வந்த எண்ணம் அது. எங்களுக்கு இன்னும் நெருக்கமாகப் பட்டது அமெரிக்காவின் ஃபிரீமொண்ட் நகரத்துத் தொழிற்சாலையின் கதை. ஜெனரல் மோட்டர்ஸ் நடத்திய அந்தத் தொழிற்சாலையில் என்ன ஆனாலும் வரிசையை நிறுத்தக் கூடாது. வேலைக்கு வராதோர் தொகை அங்கே பெரும் பிரச்சினை. 1982இல் அது மூடப்பட்டது. 1984இல் டொயோட்டாவுடன் கூட்டாகத் திறந்தபோது எடுத்துக்கொண்டது பெரும்பாலும் அதே தொழிலாளர்களை, பேசியது அதே தொழிற்சங்கத்தோடு. வரிசையை நிறுத்தும் கயிறு அவர்கள் கைக்கு வந்தது. தரமும் வருகையும் விரைவில் தேறின. ஆட்கள் சரியில்லை என்ற பேச்சு எங்கள் கூட்டத்தில் எழுந்தபோதெல்லாம் இந்தக் கதையைத்தான் மேசையில் வைத்தோம்.

அலுமினியம் செய்யும் அல்கோவாவில் 1987இல் தலைமை ஏற்ற போல் ஓநீல் தொழிலாளர் பாதுகாப்பையே முதல் வேலையாக வைத்தார். யாருக்காவது காயம் பட்டால் பிரிவுத் தலைவர் 24 மணி நேரத்துக்குள் தன்னிடம் நேரடியாகச் சொல்ல வேண்டும், அது மறுபடி நடக்காதிருக்க என்ன செய்யப்போகிறார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்றார். நடுவில் இருப்பவர் மறைப்பதால் பயனில்லாமற் போனது. கணக்கப்பிள்ளையின் அச்சத்துக்கு மருந்து இங்கே இருப்பதாகப் பட்டது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு: குளவிக் கூட்டைக் கண்டவர் எவரானாலும் கேங்கின் வேலையை நிறுத்தலாம். கங்காணியின் அனுமதி தேவையில்லை. அரை மணி நேரத்துக்குள் சின்ன துரையோ கணக்கப்பிள்ளையோ மலைக்கு வர வேண்டும். நிறுத்திய நாளுக்கு கேங்கில் இருந்த எல்லாருக்கும் முழுப் பேர் விழும். சொன்னவருக்கு மட்டும் பேர் போடலாம் என்று தலைமையகம் முதலில் சொன்னது. அப்படிச் செய்தால் சொன்னவள் தனியாகிவிடுவாள் என்று மாதர் சங்கத் தலைவி மறுத்தார். ஏச்சு வருவது லயத்திலிருந்து. ஆகவே நட்டம் யாருக்கும் வரக் கூடாது. அவருடைய வாதமே நின்றது.

பொய் சொல்லி வேலையை நிறுத்தினால் என்ன செய்வது? இதற்கு மட்டும் நீண்ட விவாதம் நடந்தது. ஆறு மாதத்துக்குத் தவறான எச்சரிக்கைக்கு எந்தத் தண்டனையும் இல்லை, எச்சரிக்கைப் பேச்சும் இல்லை என்று பெரிய துரை முடிவெடுத்தார். அளவு மீறிய தாராளம் என்று மற்றத் தோட்டத்துத் துரைமார் சொன்னார்கள். தண்டனை இருந்தால் நூறு வீதம் நிச்சயமான கூட்டை மட்டுமே சொல்வார்கள், நிச்சயம் ஆவதற்கு மரத்துக்குக் கீழே போக வேண்டும் என்பது அவர் பதில்.

இரண்டாவது, பெரட்டுக்களச் சுவரில் டிவிசனின் வரைபடம். ஒவ்வொரு மலையும் தோட்டத்தில் வழங்கும் பெயரோடு, தமிழில். கூடு கண்ட இடம், சொன்ன திகதி, என்ன செய்யப்பட்டது என்பன அதில் வரும். கூடுகளை இரவில் எரிக்கும் பழக்கத்தை நிறுத்தினோம். மலைத்தேனீ பருவத்துக்குப் பருவம் இடம் பெயர்வது. மரத்தைச் சுற்றி எல்லை குறித்து, அது போகும்வரை அந்தப் பகுதியை விட்டுவிடுவது பாதுகாப்பாகப் பட்டது. செடிக்குள் இருக்கும் குளவிக் கூடுகளுக்கு மட்டும் பழகிய ஆட்களைக் கூலி கொடுத்து அமர்த்தினோம்.

சொன்னவர்களைப் பெரட்டில் அழைத்துப் பாராட்டலாம் என்றொரு யோசனையும் வந்தது. பல நிறுவனங்கள் அப்படித்தான் செய்கின்றன. பெண்கள் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். துரை பெயரைச் சொல்லிப் புகழ்ந்தால் லயத்தில் வேறு விதமாகப் பேசுவார்கள். சொன்ன செய்திக்கு என்ன செய்தீர்கள் என்பதைப் பெரட்டில் சொல்லுங்கள், எங்கள் பெயர் வேண்டாம் என்றார்கள். அப்படியே செய்தோம். வெளியிலிருந்து எடுத்த எதுவும் இங்கே அப்படியே பொருந்தவில்லை, ஆனால் எங்கே பொருந்தவில்லை என்று சொல்ல இவர்கள் கூட்டத்தில் இருந்தார்கள்.

தொழிற்சங்கத் தலைவர்மாருக்கு இதில் மனத்தாங்கல் இருந்தது. நிர்வாகம் தொழிலாளியோடு நேரடியாகப் பேசத் தொடங்கினால் சங்கம் எதற்கு என்று நாளை கேட்கப்படும் என்றார்கள். நியாயமான கவலை. தோட்டத்தில் தொழிலாளி பெற்ற எதுவும் சங்கம் இல்லாமல் கிடைத்ததில்லை. அதனால் எச்சரிக்கைகளைப் பதியும் கொப்பி அலுவலகத்தில் இருக்கவில்லை. மாதர் சங்கத் தலைவியிடம் இருந்தது. மாதம் ஒரு தடவை அவரும் தலைவர்மாரும் அதைத் துரையோடு உட்கார்ந்து பார்த்தார்கள்.

யாரையாவது கொட்டினால் 24 மணி நேரத்துக்குள் பெரிய துரை தலைமையகத்துக்கு எழுத வேண்டும் என்பது கடைசி முடிவு. எச்சரிக்கையைத் தாமதமின்றி மேலே அனுப்பிய கணக்கப்பிள்ளையிடம் சுற்றுப் பிந்தியதற்குக் கேள்வி கேட்பதில்லை என்றும் எழுத்தில் கொடுக்கப்பட்டது.

முதல் மாதங்கள்

தொடக்கத்தில் கொப்பி வேகமாக நிரம்பியது. கைப்பிடி அளவுக் கூடு, பழைய வெறுங்கூடு, குளவியே அல்லாத பூச்சி எல்லாம் வந்தன. தினமும் சரிவுகளில் ஏறி இறங்கிய சின்ன துரை களைத்துப்போனார். தோட்டம் முன்பைவிட ஆபத்தானதாகக் காட்சியளிக்கிறது என்று தலைமையகம் கவலைப்பட்டது. அந்த நேரத்தில் ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் அமெரிக்க வைத்தியசாலைகளில் கண்டதை அவர்களுக்கு எடுத்துச் சொன்னோம். நன்றாக இயங்கும் மருத்துவக் குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாகப் பதிவாகும் என்று எதிர்பார்த்துப் போனார் அவர். அங்கேதான் அதிகமாகப் பதிவாகியிருந்தன. தவறைச் சொல்ல அங்கே பயம் இல்லை. கொப்பி நிரம்புவதை அந்தக் கண்ணோடு பாருங்கள் என்றோம். எண்ணிக்கையை வைத்து டிவிசன்களை ஒப்பிடும் யோசனை அத்தோடு கைவிடப்பட்டது.

முறை நிலைபெற்றது ஒரு குறிப்பிட்ட நாளில் என்று நினைக்கிறேன். கொழுந்து அதிகம் விளைந்த வாரம். இஸ்டோரில் வாட்டல் தட்டுகள் காத்திருந்தன. காலை எட்டரைக்கு ஒரு கேங் வேலையை நிறுத்தியது. கூட்டை யாரும் பார்க்கவில்லை. இரைச்சல் கேட்டதாக ஒரு பெண் சொன்னார். பெரிய துரையே வந்தார். ஓடை வரை இறங்கித் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. மதியத்துக்குப் பிறகு வேறு மலைக்கு அனுப்பினார். மாலையில் பேர் பதியும் செக்ரோலில் கேங் முழுவதற்கும் முழுப் பேர் விழுந்தது. அந்தப் பெண்ணிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து, அதுவரை கொப்பிப் பக்கமே வராத மூத்த பெண்கள் சொல்லத் தொடங்கினார்கள். எந்தப் பருவத்தில் எந்த மரத்துக்குத் தேனீ திரும்ப வரும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வரைபடத்தில் கூடு கட்டுமுன்பே எல்லை குறிக்க முடிந்தது அதனால்தான்.

தராசு

மூன்றாவது மாதக் கூட்டத்தில் மாதர் சங்கத் தலைவி கொப்பியை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்: “குளவியைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள், பேசுகிறோம். தராசைப் பற்றியும் பேசலாமா, ஐயா?”

கொழுந்து மடுவத்தில் நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் முற்றிய இலைக்கும் என்று சில கிலோ கழிப்பார்கள். எதற்கு எவ்வளவு என்று சொல்வதில்லை. தராசின் முகம் நிறுப்பவரைப் பார்த்து இருக்கும். மலையகத் தோட்டங்களில் பழைய புண் இது. அறையில் பேச்சு நின்றது. நிர்வாகம் இதற்குத் தயாராக வரவில்லை. ஒரு விடயத்தில் வாயைத் திறக்கச் சொன்னவர்கள் அடுத்த விடயத்தில் மூடச் சொல்ல முடியாது என்பதை அங்கே இருந்த எல்லாரும் உணர்ந்தார்கள்.

பிரேசிலின் செம்கோ நிறுவனத்தை இங்கே எடுத்துக்கொண்டோம். ரிக்கார்டோ செம்லர் தலைமையில் அந்த நிறுவனம் தன் கணக்குகளைத் தொழிலாளர்களுக்குத் திறந்து காட்டியது. காட்டினால் போதாது என்று, தொழிற்சங்கத்தோடு சேர்ந்து, துப்புரவுத் தொழிலாளர் உட்பட எல்லாருக்கும் ஐந்தொகையையும் காசோட்டத்தையும் வாசிக்கக் கற்றுக்கொடுத்தது. தோட்டத்தின் அளவுக்கு அதைச் சுருக்கினோம். மின்தராசின் எண்கள் பறிப்பவருக்குத் தெரியும்படி திருப்பப்பட்டன. சாக்கை வெறுமையாக நிறுத்து, அந்த நிறையே எழுதப்பட்டது. மழை நாளில் ஒரு கூடைக் கொழுந்தை நிறுத்து, நீரை உதறி மறுபடி நிறுத்து, வித்தியாசத்தை எல்லார் முன்பாகவும் பார்த்து அன்றைய ஈரக் கழிவை முடிவு செய்தார்கள். ஒவ்வொருவருக்கும் துண்டில் மொத்த நிறை, கழிவு, மீதி மூன்றும் வந்தன.

1883 முதல் நடந்துவரும் கொழும்புத் தேயிலை ஏலத்தில் தோட்டத்தின் தேயிலை என்ன விலைக்குப் போனது என்பதையும் மாதந்தோறும் சுவரில் ஒட்டக் கேட்டார்கள். கம்பனி ஒப்புக்கொண்டது. ஒரு கிலோ தேயிலை செய்ய ஆகும் செலவையும் போடுங்கள் என்றபோது தலைமையகம் மறுத்தது. சம்பளப் பேச்சுவார்த்தையில் அது எதிராகப் பயன்படும் என்றது. அந்த மறுப்பு இன்றுவரை நிற்கிறது. விலையைக் காட்டிச் செலவை மறைத்தால் தொழிலாளி பாதிக் கணக்கை வைத்துத்தான் பேசுவார், சந்தேகமும் கூடும் என்று நான் அப்போதே சொன்னேன். இப்போதும் அதுவே என் கருத்து.

விளைந்தவை

அடுத்து வந்த குளவிப் பருவத்தில் டிவிசனில் கொட்டு வாங்கியோர் இருந்தார்கள். வைத்தியசாலைக்குப் போகும் அளவுக்கு யாருக்கும் ஆகவில்லை. ஒரு பருவத்தை வைத்து முறையின் வெற்றி என்று சொல்ல மாட்டேன். காற்றும் பருந்தும் நம் கையில் இல்லை. உறுதியாகச் சொல்லக் கூடியது இது: கூடுகள் ஆட்கள் அவற்றின் கீழே போவதற்கு முன்பே வரைபடத்தில் ஏறின. வேலை நின்ற நாட்களுக்குக் கொடுத்த பேர்களின் செலவு, துரைமார் முதலில் பயந்த அளவில் ஒரு சிறு பங்குகூட இல்லை. பெண்கள் தேவைக்கு மேல் ஒரு மணி நேரமும் வேலையை நிறுத்தவில்லை. முழுப் பேர் உறுதியானாலும் மேலதிகக் கிலோவுக்கான காசு அவர்களுக்கும் வேண்டும்.

கணக்கப்பிள்ளையிடம் கண்ட மாற்றம் நாங்கள் எதிர்பாராதது. உடைந்த படிக்கட்டு, மருந்து தெளிப்பவரின் கிழிந்த கையுறை என்று குளவியோடு சம்பந்தமில்லாத விடயங்களையும் அவரே மேலே எழுதத் தொடங்கினார். மலையில் கழிப்பறை இல்லாத குறையைப் பெண்கள் கொப்பியில் எழுதியது அவர் கையெழுத்தோடு தலைமையகத்துக்குப் போனது. இரண்டு மலைகளுக்கு இடையே ஒன்று கட்டினார்கள். அது போதாது.

இஸ்டோரில் முறை வேர்விடவில்லை. இரவு வேலையாட்களையும் சேர்க்க முயன்றோம். உருட்டலும் நொதித்தலும் நிமிடக் கணக்கில் நடக்கும் இடத்தில் யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்றால் தேயிலை வீணாகும் என்றார் இஸ்டோரில் தேயிலை செய்வதற்குப் பொறுப்பான டீமேக்கர். அவர் சொன்னதில் உண்மை உண்டு. ஆனால் இயந்திரத்தில் கை போகும் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. அவரோடு உட்கார்ந்து, எதை நிறுத்தலாம், எதை நிறுத்த முன் யாரைக் கூப்பிட வேண்டும் என்று பிரித்து எழுதும் வேலை நடக்காமலே போனது.

பிறகு பெரிய துரைக்கு மாற்றம் வந்தது. கம்பனித் தோட்டங்களில் இது வழக்கம். புதிதாக வந்தவர் கெட்டவர் அல்லர். அவருக்கு இந்த ஏற்பாட்டின் காரணம் யாரும் சொல்லவில்லை. முழுப் பேர் என்ற விதி தோட்டத்துக்குள் வழங்கிய வாய்மொழி ஏற்பாடாகவே இருந்ததால், செலவுக் குறைப்பு என்று வந்தபோது அதுதான் முதலில் வெட்டப்பட்டது. நிறுத்திய நேரத்துக்கு மட்டும் கணக்கு, மீதிக்குப் பறித்த கிலோவைப் பார்ப்போம் என்றானது. இரண்டு மாதத்தில் கொப்பியில் பதிவுகள் குறைந்தன. கூடுகள் குறைந்திருக்கவில்லை. மாதர் சங்கத் தலைவி அந்தக் கொப்பியை எடுத்துக்கொண்டு, இரண்டு காலங்களின் பதிவுகளையும் புதிய துரை முன் விரித்துக் காட்டினார். தலைவர்மாரும் கூடப் போனார்கள். ஆரம்பத்தில் இந்த முறையைச் சந்தேகித்த அதே தலைவர்மார் அன்று அதற்காக வாதாடினார்கள். முழுப் பேர் திரும்ப வந்தது. தராசின் முகம் இந்தக் காலம் முழுவதும் திருப்பியபடியே இருந்தது. அதைத் திரும்ப மறைக்க யாரும் துணியவில்லை.

2024 செப்டம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. அதோடு கிலோவைக் கூட்டும் பேச்சும் வந்தது. அந்தப் போராட்டம் இந்த ஆய்வுக்கு வெளியே இருக்கிறது. ஒன்றை மட்டும் குறிக்கலாம். அந்தப் பேச்சுவார்த்தைக்குப் போன பெண்கள் கையில் தங்கள் நிறைத் துண்டுகள் இருந்தன.

மறுபடி செய்வதானால் மாற்ற வேண்டியவை

விதியை முதல் நாளிலேயே எழுத்தில் கொண்டுவர வேண்டும். துரையின் நல்ல மனம் அவரோடு அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும். நிர்வாகமும் சங்கங்களும் கையெழுத்திட்ட ஆவணம் தோட்டத்தில் தங்கும்.

முதலுதவியை இதே வேளையில் சேர்த்துத் திட்டமிட்டிருக்க வேண்டும். ஆபத்தைச் சொல்லும் வழியைத் திறப்பதில் எல்லாரும் கவனமாக இருந்தோம், கொட்டிய பின் நடப்பது லொறியின் தயவில் விடப்பட்டது. ஒவ்வாமை வந்தவருக்கு அட்ரினலின் ஊசி நிமிடங்களில் வேண்டும். தோட்ட மருந்தகத்தில் அது இருக்கவும், அதைப் போடத் தெரிந்தவர் வேலை நேரம் முழுவதும் இருக்கவும் ஏற்பாடு வேண்டும். தேனீயின் கொடுக்கைத் தாமதிக்காமல் அகற்றுவது, கூடையை ஒரே இழுப்பில் கழற்றுவது ஆகியவற்றைப் பெரட்டில் பழக்கியிருக்கலாம். வேலையில் காயப்பட்டவருக்கு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. முதலில் கொட்டு வாங்கிய அந்த மூத்த பெண்ணுக்கு அதைப் பற்றி எடுத்துச் சொல்லவே பல மாதங்கள் கழிந்தன. யாராவது வைத்தியசாலைக்குப் போனால் மறுநாளே நலன்புரி உத்தியோகத்தர் விண்ணப்பத்தோடு போக வேண்டும் என்பது இப்போது எழுதப்படும் புதிய ஆவணத்தின் வரைவில் சேர்க்கப்பட்டிருக்கிறது.

கங்காணிமாருக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். அதிகாரம் குறைகிறது என்ற உணர்வு அவர்களுக்கு இருந்தது. பெண்கள் பேசத் தொடங்கியபின் தங்கள் வேலை என்ன என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அடுத்த டிவிசனில் தொடங்கும்போது முதல் கூட்டம் அவர்களோடுதான்.

ஆவணத்தின் வரைவு இப்போது கம்பனிக்கும் இரண்டு சங்கங்களுக்கும் இடையே இருக்கிறது. பெரும்பாலான பிரிவுகளில் உடன்பாடு வந்துவிட்டது. பிற்பகலில், 18 கிலோவைத் தாண்டிய பிறகு வேலை நின்றால், அந்தப் பெண்கள் இழக்கும் மேலதிகக் கிலோக் காசை யார் கொடுப்பது என்ற ஒரு பிரிவு மட்டும் இன்னும் தீரவில்லை.